ஜார்ஜ் பெர்னாண்டஸ் விலைபோனவரா?

கேள்வி: சென்ற இதழில் ஜார்ஜ் பெர்னாண்டஸை ‘ஜனநாயக சோஷலிஸ்ட்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். வாஜ்பாய் அமைச்சரவையில் ராணுவ அமைச்சராக இருந்தவரை அப்படி அழைக்கலாமா? பதவிக்காகக் கொள்கையை விற்றவர் என்று எழுத ஏன் தயங்குகிறீர்கள்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: தயக்கம் எதுவும் இல்லை. குற்றச்சாட்டுதான் பொருந்தவில்லை. அமைச்சரான பிறகும் தன் துணியைத் தானே துவைத்து, கசங்கிய குர்தாவோடு அலுவலகம் போனவர் அவர். டெல்லி கிருஷ்ண மேனன் மார்க்கில் அவர் குடியிருந்த அரசு பங்களாவின் வாசலில் கேட் கிடையாது. ராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்த பர்மா மாணவர்கள் அந்த வீட்டிலேயே அலுவலகம் நடத்தினார்கள். சுகத்துக்கு ஆசைப்பட்டவர் என்று சொன்னால் அவருடைய எதிரிகளே நம்ப மாட்டார்கள். அவர்மேல் வைக்க வேண்டிய குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது.

தொழிற்சங்கத் தலைவரான அவருக்குப் பம்பாய்த் தொழிலாளர்கள்தான் பலம். 1967-ல் தெற்கு பம்பாயில் காங்கிரஸின் அசைக்க முடியாத புள்ளியாக இருந்த எஸ்.கே. பாட்டீலை மண்ணைக் கவ்வ வைத்தது அந்தப் பலம். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் பேர் அவர் பின்னால் நின்றார்கள். ஓட்டுநர்களுக்கு எட்டு மணி நேர வேலை, போனஸ், சம்பள உயர்வு என்று எல்லாமே வயிற்றுப்பாட்டுக் கோரிக்கைகள். இந்திரா காந்தி அரசு ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளி, இருபதே நாளில் அதை நசுக்கியது. மறு ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. தாடி வளர்த்து, சீக்கியராக வேடமிட்டுத் திரிந்தவர் 1976 ஜூனில் கல்கத்தாவில் பிடிபட்டார். வெடிமருந்து கடத்தி அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்ற பரோடா டைனமைட் வழக்கு அவர்மேல் பாய்ந்தது. அவர் இருக்கும் இடத்தைக் கேட்டுத் தம்பி லாரன்ஸைப் போலீஸ் சித்திரவதை செய்தது. 1977 தேர்தலில் விலங்கு பூட்டிய கையை உயர்த்தி நிற்கும் அவருடைய படத்தை வைத்துத்தான் முசாபர்பூரில் ஓட்டுக் கேட்டார்கள். வேட்பாளர் சிறையில் இருந்தார். வித்தியாசம் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

அதன்பின் மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசில் தொழில்துறை அமைச்சர். கோகோ கோலாவை விரட்டியதை இன்றும் சிலர் சோஷலிசத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு அவர் பயன்படுத்திய அந்நியச் செலாவணிச் சட்டம் 1973-ல் இந்திரா அரசு கொண்டுவந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1979 ஜூலையில் மக்களவையில் மொரார்ஜி அரசைக் காப்பாற்ற ஆவேசமாக வாதாடினார். சில நாட்களில் அதே அரசை விட்டு வெளியேறிச் சரண் சிங் பக்கம் போனார். சோஷலிஸ்டுகள் அன்று முன்வைத்த நியாயம் என்ன தெரியுமா? ஜனதா கட்சியில் இருந்துகொண்டே ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கலாமா என்ற ‘இரட்டை உறுப்பினர்’ பிரச்சினை. அதற்காக ஓர் அரசையே கவிழ்த்தவர்களில் ஒருவர், 17 ஆண்டுகள் கழித்து, 1996-ல், தானும் சேர்ந்து தொடங்கிய சமதா கட்சியோடு போய், அதே ஆர்.எஸ்.எஸ். தரப்பின் கட்சியான பா.ஜ.க.வுடன் கைகோத்தார்.

இடைப்பட்ட காலத்தில் அவருடைய தொழிற்சங்கத் தளம் கரைந்துவிட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் தத்தா சாமந்த் என்ற வேறொரு தொழிற்சங்கத் தலைவர் பின்னால் போனார்கள். சிவசேனையும் தன் பங்குக்கு அள்ளிக்கொண்டது. மிஞ்சியது பீகாரின் சாதிக் கணக்கும், சிறைக் காலத்திலிருந்து சுமந்துவந்த காங்கிரஸ் வெறுப்பும்தான். சோஷலிசம் இருந்த இடத்தில் அந்த வெறுப்பை உட்கார வைத்தார். விற்கவில்லை, மறந்துபோனார். விற்றவனிடம் திருப்பி வாங்கு என்றாவது சொல்லலாம்.

விளைவு? 1999-ல் ஒடிசாவில் பாதிரியார் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறுவர்களும் எரித்துக் கொல்லப்பட்டபோது, விசாரிக்கப் போன மத்திய அமைச்சர் குழுவில் இருந்தார். பாதிரியாராவதற்காகச் சிறுவயதில் செமினரியில் படித்தவர், அரசுக்கு எதிரான சதி என்று அறிவித்துவிட்டுத் திரும்பினார். 2002 குஜராத் கலவரத்தின்போது முதலில் அகமதாபாத் தெருக்களில் இறங்கி ராணுவத்தை அனுப்பியவரும் அவர்தான். அதே ஆண்டு மக்களவையில், பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகள் புதிதா, 1984-ல் டெல்லியில் சீக்கியர்களுக்கு எதிரான கலவரத்தில் நடக்கவில்லையா என்று கேட்டவரும் அவர்தான். இந்தப் பேச்சுக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை.

நான் கொடுத்த அடைமொழியை 1977 வரைக்கும் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ரயில்வே அமைச்சராகக் கொங்கண் ரயில்பாதைக்கு வித்திட்டதற்காக வேண்டுமானால் 1990 வரை நீட்டித்துத் தருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். தேசிய ஜனநாயகக் கூட்டணியின் ஒருங்கிணைப்பாளராக அவர் போயஸ் தோட்டத்துக்குச் சமாதானத் தூது வந்ததும், அவரை ராணுவ அமைச்சர் பதவியிலிருந்து மாற்றச் சொல்லி மல்லுக்கு நின்ற அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதால் 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்து வந்த அதே வாஜ்பாய் அமைச்சரவையில் தி.மு.க., பா.ம.க., ம.தி.மு.க. என்று நம் ஊர்க் கட்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர்களுடைய கொள்கை என்ன விலைக்குப் போனது என்று கேட்டு நீங்கள் ஒரு கார்டுகூடப் போட்டதில்லையே, ஏன்?