மெசேஜ் மூலம் ஓடும் ஒர்க்ஃப்ளோ ஹேண்ட்லர்களை எப்படி டெஸ்ட் செய்வது? ஒவ்வொரு முறையும், மெசேஜ்களை க்யூவில் வைத்துத் தரும் ப்ரோக்கரான ரேபிட்எம்க்யூவை ஓட்டித்தான் பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இதுவரை நடந்தது என்ன, இப்போது வந்த மெசேஜ் என்ன, அடுத்து எதை அனுப்புவது என்று முடிவெடுப்பதுதான் ஹேண்ட்லரின் வேலை. அதைச் சோதிக்க க்யூ எதற்கு? பழைய நிலையையும் மெசேஜையும் கொடுத்து, புதிய நிலையையும் வெளியே போனதையும் பாருங்கள். டாட்நெட் என்றால் மாஸ்டிரான்சிட் என்ற மெசேஜிங் லைப்ரரியில் இதற்கென்றே டெஸ்ட் ஹார்னஸ் இருக்கிறது, மெமரியிலேயே ஓடும்.

ஆனால் பலரும் மெசேஜ்கள் ஒழுங்காக வரும் ஒரே வழியை மட்டும் டெஸ்ட் செய்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளின் கொள்முதலுக்கு சாப்ட்வேர் எழுதுகிறேன். பெங்களூரா மாம்பழ லோடு எடை மேடை ஏறியதும் ஒரு மெசேஜ், இறக்கிவிட்டுக் காலி வண்டி எடை போட்டதும் ஒன்று, தரம் பார்த்துக் கழிவு போட்டதும் ஒன்று. மூன்றும் சேர்ந்தால்தான் விவசாயிக்குப் பணம் போடும் உத்தரவு போகும்.

மூன்று மெசேஜ் 6 வரிசைகளில் வரலாம். ஆறையும் லூப்பில் ஓட்டுகிறோம். எல்லாவற்றிலும் உத்தரவு ஒரே தடவைதான் போக வேண்டும், தொகையும் மாறக் கூடாது. பிறகு ஒவ்வொரு மெசேஜையும் அதே ஐடியோடு இரண்டு தடவை அனுப்புகிறோம். வேலை முடிந்து, ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்லும் ஆக் போவதற்குள் கனெக்‌ஷன் அறுந்தால் ரேபிட்எம்க்யூ அதே மெசேஜைத் திரும்பத் தரும். அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸிலும், மெசேஜை எடுத்தபின் இயல்பான 30 விநாடிக்குள் டெலீட் செய்யாவிட்டால் மறுபடி வரும். இதைக் கோளாறு என்று எண்ணாதீர்கள், அதன் இயல்பே அதுதான்.

இன்னொன்று: ஒரே விவசாயியின் இரண்டு லோடு ஒரே நேரத்தில் உள்ளே நிற்கும். விவசாயி எண்ணை வைத்துச் சேர்த்தால் ஒரு வண்டியின் காலி எடை இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். எடைச் சீட்டு எண்ணை வைத்துச் சேருங்கள். இரண்டு லோடின் மெசேஜையும் கலந்து விட்டு ஒரு டெஸ்ட் கட்டாயம் எழுதுங்கள்.

குறித்த நேரத்துக்குள் மூன்றும் வராவிட்டால் எழும் டைம்அவுட்டுக்காக டெஸ்டில் ஸ்லீப் போட வேண்டாம். அதுவும் ஒரு மெசேஜ்தான், நேரடியாகக் கையில் கொடுங்கள். பணம் போன பிறகு டைம்அவுட் வந்தால் எதுவும் நடக்கக் கூடாது என்பதையும் பாருங்கள்.

டெஸ்டுக்காக டாக்கரில் சர்வரை எழுப்பித் தரும் டெஸ்ட்கன்டெய்னர்ஸில் நிஜ ப்ரோக்கரை ஏற்றிச் சில டெஸ்ட் போதும்: மெசேஜ் பைட்டாக மாறித் திரும்பும் சீரியலைசேஷன், அதைச் சரியான க்யூவுக்கு அனுப்பும் பைண்டிங், கையாள முடியாதது ஒதுங்கும் டெட் லெட்டர். அனுப்ப வேண்டிய மெசேஜை முதலில் டேட்டாபேஸிலேயே எழுதிவைக்கும் அவுட்பாக்ஸ் இருந்தால், டேட்டாபேஸில் கமிட் ஆனதும் ப்ராசஸைக் கொன்று திரும்ப எழுப்புங்கள். உத்தரவு இரண்டு தடவை போனாலும் போகும். அதனால் பணம் போடும் ஹேண்ட்லருக்கும் அதே இரட்டை மெசேஜ் டெஸ்ட் வேண்டும்.