ஓடைக்காட்டை வெட்டி சில்வர் ஓக் வைக்கலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்கு எட்டு ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு முழுக்க சில்வர் ஓக், அதில் மிளகு ஏற்றியிருக்கிறோம். ஓடையோரம் ஒன்றரை ஏக்கர் மட்டும் அப்பா காலத்திலிருந்து கை வைக்காத காடு. அதையும் வெட்டி சில்வர் ஓக் போடலாம், அதுவும் மரம்தானே, குருவி அங்கே வந்து உட்காராதா என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெட்டாதீர்கள். பட்டா நிலமே ஆனாலும் மலையில் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறையிடம் கேட்காமல் கத்தி வைத்தால் வம்புதான்.

தம்பி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. சில்வர் ஓக் பூக்கும் நாளில் தேனுக்குத் தேன்சிட்டும் கரிச்சானும் மைனாவும் வரும். பூ முடிந்தால்? ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தில் பறவை தின்னும் பழம் கிடையாது. மிளகுக்காக ஆண்டுதோறும் கிளை கழிப்பதால் பட்டுப்போன கொம்பும் தங்காது. குக்குறுவான் அலகால் குடைந்து கூடு வைப்பது இற்றுப்போன மரத்தில்தான். அது விட்டுப்போன பொந்தில் பிறகு வேறு பறவைகள் குடியேறும். உங்கள் ஓடைக்காட்டில் பட்டமரம் நின்றால், அடுப்புக்கு ஆகும் என்று யாரும் கோடாலி எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தோட்டத்திலேயே விலை மதிக்க முடியாத மரம் அதுதான்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று தம்பி கேட்பார். ஒரு காபிக்காயைப் பறித்து அதன் கொப்பூழ்ப் பக்கம் பாருங்கள். குண்டூசி குத்தியதுபோல் துளை இருந்தால், உள்ளே ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்பு வண்டு: காய்த்துளைப்பான். அது காயில் நுழையும் நேரத்தில் சின்னக் குருவிகள் கொத்தித் தின்னும். கோஸ்டாரிகா காபித் தோட்டங்களில் சில செடிகளை வலை போட்டு மூடிப் பார்த்தார்கள். வலைக்குள் இருந்தவற்றோடு ஒப்பிட்டால், குருவி புக முடிந்த செடிகளில் இந்த வண்டின் தாக்குதல் ஏறக்குறைய பாதிதான். பக்கத்தில் காட்டுத்துண்டு இருந்த இடத்தில் பலன் கூடுதல். இமயமலைப் பக்கமிருந்து வரும் இலைக்கதிர்க்குருவி நம் மலைக்கு வந்து தங்குவதும் காய் முற்றிப் பழுக்கும் குளிர்மாதங்களில்தான்.

அதற்காகக் குருவியை நம்பிக் கைகட்டி உட்கார வேண்டாம். அறுவடைக்குப் பிறகு செடியிலும் தரையிலும் கிடக்கும் காய்களை ஒன்று விடாமல் பொறுக்கியே ஆக வேண்டும். வெள்ளைத் தண்டுத்துளைப்பானுக்குக் குருவி மருந்தே அல்ல. தாக்கிய செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி.

இனி, ஒன்றரை ஏக்கரைக் காப்பதோடு நின்றுவிடாமல் அதைத் தோட்டத்துக்குள் நீட்டுங்கள். காய்ந்துபோன, வளர்ச்சி குன்றிய சில்வர் ஓக்குகளின் இடத்தில் அத்தி, நாவல், இச்சி, பலா வையுங்கள். ஏக்கருக்கு ஐந்தாறு இருந்தாலும் போதும், காட்டோரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக வர வேண்டும். அத்தியில் ஆண்டில் பல தடவை பழம் கிடைக்கும். வேறு பழம் இல்லாத மாதத்தில் குக்குறுவானும் சின்னானும் அதில்தான் வயிறு வளர்க்கும். புது மிளகுக்கொடிகளில் கொஞ்சத்தை முள்முருங்கையில் ஏற்றினால் தம்பிக்கும் நிம்மதி. வால்பாறையிலும் இப்படித்தான், தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காட்டுத்துண்டுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள்.

காட்டோரத்தில் உண்ணிச்செடி மண்டியிருக்கும். மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலத்தில் வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம்; அதன் பழத்தை நம்பியும் சின்னான்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு ஒரு துண்டு, அங்கே வைத்த கன்று நிமிர்ந்ததும் அடுத்த துண்டு. ஆனி, ஆடி மழைக்கு நடுங்கள். காட்டெருமை இறங்கும் தடமென்றால் ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள் கட்டிவிடுங்கள்; மிதிபட்டே பாதிக் கன்று போய்விடும்.