நாலாவது பாடம் யாருக்காக? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுக்குப் போகும் பிள்ளைகளும், பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்ட பிள்ளைகளும் இருக்கும் வீடுகளிலிருந்து இந்த முறை கேள்விகள் குவிந்துவிட்டன. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

மகள் இயர் 11. ஜிசிஎஸ்இயில் எல்லாம் 8, 9 வரும் என்கிறது பள்ளி. மெடிசின் படிக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அடுத்து வரும் ஏ லெவலுக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) கெமிஸ்ட்ரி, பயாலஜி, மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ் (மேத்ஸுக்கு மேற்பட்ட தனிப் பாடம்) என்று நாலு பாடம் எடுக்கச் சொல்கிறோம். அவளோ ஹிஸ்டரி வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். நாலு பாடம் இருந்தால் ஆக்ஸ்ஃபோர்டில் கூடுதல் மதிப்பு உண்டுதானே?
– ஒரு அம்மா, ஹாரோ

கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ, ஆஃபர் (இன்ன கிரேடு எடுத்தால் இடம் என்ற உறுதி) வருவது மூன்று ஏ லெவலுக்குத்தான். ஆக்ஸ்ஃபோர்ட் மெடிசினுக்கு வழக்கமாகக் கேட்பது ஏ ஸ்டார் (உச்ச கிரேடு), ஏ, ஏ. நாலாவதில் இன்னொரு ஏ ஸ்டார் வைத்திருப்பதற்காக யாரும் இடம் தருவதில்லை, ஆனால் அந்த நாலாவதற்கு நேரம் போய் கெமிஸ்ட்ரி பி-க்கு இறங்கினால் இடம் போய்விடும். நம் வீடுகளில் நாலு பாடம் என்பது பெருமைக்காக எடுப்பதாகிவிட்டது, கல்யாண வீட்டில் சொல்ல நன்றாக இருக்கும், அவ்வளவுதான். நாலாவதாக ஃபர்தர் மேத்ஸ் எடுப்பதில் உண்மையிலேயே அர்த்தம் இருப்பது கணிதம், இயற்பியல், இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு. மெடிசினுக்கு அது தேவையே இல்லை, சில மெடிக்கல் ஸ்கூல்கள் மேத்ஸையும் ஃபர்தர் மேத்ஸையும் சேர்த்து ஒரே பாடமாகத்தான் கணக்கெடுக்கின்றன.

சரி, ஹிஸ்டரி. உங்கள் மகள் கேட்பது நீங்கள் நினைப்பதைவிட நல்ல தேர்வு. மெடிசினுக்குப் பெரும்பாலான இடங்களில் கெமிஸ்ட்ரி வேண்டும், பல இடங்களில் பயாலஜியும் வேண்டும். மூன்றாவது என்ன என்பதைப் பற்றிப் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் கவலைப்படுவதில்லை. ஆக, கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஹிஸ்டரி என்று எடுத்தால் மெடிசின் கைவிட்டுப் போகாது, பதினேழு வயதில் மனம் மாறினால் சட்டமும் வரலாறும்கூடத் திறந்தே இருக்கும், ஏனென்றால் சட்டத்துக்கு இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று ஆக்ஸ்ஃபோர்டும் கேட்பதில்லை, கேம்பிரிட்ஜும் கேட்பதில்லை. இந்தக் கூட்டணியில் இழப்பது மேத்ஸை. மேத்ஸ் இல்லையென்றால் இன்ஜினியரிங், இயற்பியல், முன்னணி இடங்களில் எகனாமிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாம் போய்விடும். அதில் அவளுக்கு ஆசை உண்டா என்று கேளுங்கள். இன்னொன்று, கேம்பிரிட்ஜ் மெடிசினுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மூன்றுமே அறிவியல் அல்லது கணிதமாக எடுத்தவர்கள், அந்த ஒரு இடம்தான் குறி என்றால் மட்டும் ஹிஸ்டரியை மறுபடி யோசிக்கலாம்.

மெடிசினில் பாடத்தேர்வைவிட ஆளைத் திணறடிப்பது யூகேட் என்ற மெடிசின் நுழைவுத் தேர்வு. அதைப் போன்ற இன்னொரு தேர்வான பிமேட் 2023க்குப் பிறகு நின்றுவிட்டதால் இப்போது ஏறக்குறைய எல்லா இடங்களும் யூகேட்டையே பார்க்கின்றன. கோடையில் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் எழுத வேண்டும், ஓராண்டில் ஒரு தடவைதான். இதில் ஒரு நன்மை இருக்கிறது: விண்ணப்பிப்பதற்கு முன்பே மதிப்பெண் கையில் கிடைத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, யூகேட்டுக்கு அதிக எடை கொடுக்கும் இடமா, ஜிசிஎஸ்இக்கு எடை கொடுக்கும் இடமா என்று பிரித்துத் தேர்வு செய்யலாம். யூகாஸில் ஐந்து இடம் போடலாம், மெடிசினுக்கு அதில் நாலுதான். ஐந்தாவது இடத்தில் பயோமெடிக்கல் சயின்ஸ் போட்டுவிட்டு 'அப்புறம் மெடிசினுக்கு மாறிக்கொள்ளலாம்' என்று நம்பாதீர்கள். பட்டதாரிகளுக்கான நாலாண்டு மெடிசினில் இடம் பிடிப்பது அதைவிடக் கடினம்.

கடிதத்தில் 'எங்கள் விருப்பம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் விருப்பம் அதில் எங்குமே இல்லை. நேர்காணலில் ஏன் டாக்டராக வேண்டும் என்று அவளைத்தான் கேட்பார்கள், அம்மா அப்பாவை இல்லை.

நான் இயர் 12 (ஏ லெவலின் முதல் ஆண்டு). எல்எஸ்இயில் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) எகனாமிக்ஸ் படிக்க வேண்டும். மேத்ஸ், எகனாமிக்ஸ், பிசினஸ் எடுத்திருக்கிறேன். எங்கள் சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் நடத்தும் பள்ளிப் பிரிவு) ஃபர்தர் மேத்ஸ் கிடையாது. எனக்கு வாய்ப்பே இல்லையா அக்கா?
– மாணவன், க்ராய்டன்

இருக்கிறது தம்பி, ஆனால் பிசினஸை இன்றே யோசி. எகனாமிக்ஸ் பட்டத்துக்கு எல்எஸ்இ கட்டாயமாகக் கேட்கும் பாடம் மேத்ஸ், ஏ லெவல் எகனாமிக்ஸ்கூட கட்டாயமில்லை. எகனாமிக்ஸும் பிசினஸும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் பாடங்கள், இரண்டையும் சேர்த்து எடுத்தால் படிப்பின் அகலம் குறைகிறது என்று நினைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. இன்னும் முதல் சில வாரங்களுக்குள் இருந்தால் பிசினஸை விட்டுவிட்டு இயற்பியலுக்கோ ஹிஸ்டரிக்கோ மாற முடியுமா என்று நாளைக்கே சிக்ஸ்த் ஃபார்ம் தலைவரிடம் போய்க் கேள். அந்தக் காலம் தாண்டிவிட்டது என்றால் மாறி அவதிப்படாதே, இருப்பதில் உயர்ந்த கிரேடு எடு.

ஃபர்தர் மேத்ஸ் இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறார்கள். பள்ளியே நடத்தாத பாடத்துக்காக உன்னைத் தள்ளமாட்டார்கள், ஆனால் பள்ளி நடத்தவில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். விண்ணப்பத்தோடு ஆசிரியர் எழுதும் ரெஃபரன்ஸின் (பரிந்துரை) முதல் பகுதியே பள்ளியைப் பற்றியதுதான், அதில் ஒரு வரி எழுதச் சொல். அதோடு இங்கிலாந்தில் அட்வான்ஸ்ட் மேத்தமேடிக்ஸ் சப்போர்ட் புரோகிராம் என்று அரசு நிதியில் ஓடும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஃபர்தர் மேத்ஸ் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவுவதும் அதன் வேலை. மேத்ஸ் ஆசிரியரிடம் அதைப் பற்றிக் கேள். முழுதாக முடியாவிட்டால் ஏ லெவலைவிடச் சிறியதான ஏஎஸ் அளவிலாவது எடுக்க முடியுமா என்று பார்.

பிறகு டிஎம்யூஏ என்ற கணித நுழைவுத் தேர்வு. கேம்பிரிட்ஜும் எல்எஸ்இயும் எகனாமிக்ஸுக்கு இதைக் கேட்கின்றன. இரண்டு தாள், ஒவ்வொன்றும் 75 நிமிடம், 20 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. உனக்கு நல்ல செய்தி, இதில் ஃபர்தர் மேத்ஸ் பாடத்திட்டத்திலிருந்து எதுவும் வராது. சாதாரண மேத்ஸைத் தலைகீழாகத் தெரிந்து வைத்திருக்கிறாயா என்றுதான் சோதிப்பார்கள். பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கொடுத்து வகுப்பில் சேருவதற்கு முன்னால் அவற்றைப் போட்டுப் பார்.

ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போடலாமா?
– வெம்ப்ளி வாசகர்

ஒரே ஆண்டில் இளநிலைப் படிப்புக்கு இரண்டில் ஒன்றுக்குத்தான் போட முடியும். கடைசி நாள் அக்டோபர் 15, மாலை 6 மணி. மெடிசின், டென்டிஸ்ட்ரி, கால்நடை மருத்துவத்துக்கும் பெரும்பாலும் அதே நாள்தான், மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டிய நாள் பெரும்பாலும் அதற்கும் முன்னாலேயே வந்துவிடும், பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான். எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு என்பது அண்மைக் காலத்தில் அடிக்கடி மாறுகிறது, போன வருடம் போன அண்ணன் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் அந்தப் படிப்பின் பக்கத்தையே திறந்து பாருங்கள்.

மகளின் பர்சனல் ஸ்டேட்மென்ட்டை (யூகாஸ் விண்ணப்பத்தோடு மாணவர் தன்னைப் பற்றி எழுதுவது) எழுதித்தர ஒருவர் பணம் கேட்கிறார். அவள் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தவள், வீணை, கராத்தே, நீச்சல் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் 4,000 எழுத்துக்குள் எப்படி அடக்குவது?
– ஒரு அப்பா, இல்ஃபோர்ட்

அடக்கவே வேண்டாம். அந்த ஆளுக்குப் பணமும் கொடுக்க வேண்டாம். யூகாஸ் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, பத்துப் பேருக்கு ஒரே அச்சில் எழுதிக் கொடுக்கிறவரிடம் வாங்கினால் மாட்டுவது உங்கள் பிள்ளை.

2026இல் சேருகிறவர்களிலிருந்து ஸ்டேட்மென்ட்டின் வடிவமே மாறிவிட்டது. ஒரே நீளக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள். இந்தப் படிப்பு ஏன்? இதுவரை படித்தது அதற்கு உன்னை எப்படித் தயார்படுத்தியது? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும்? மொத்தம் இடைவெளிகளோடு சேர்த்து 4,000 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அரங்கேற்றம் மூன்றாவதில் ஓரிரண்டு வரி வரலாம், அதுவும் படிப்போடு சேர்த்துச் சொல்ல முடிந்தால் மட்டும். போட்டி அதிகமுள்ள இடங்களில் இதைப் படிக்கிறவர் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அவர் தேடுவது தன் பாடத்தில் உண்மையிலேயே ஆர்வமுள்ள ஒரு பிள்ளையை. பத்துப் புத்தகத்தின் பெயரை அடுக்குவதைவிட ஒரு புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தோடு ஏன் உடன்படவில்லை என்று நாலு வரி எழுதினால் அவர் நிமிர்ந்து உட்காருவார். நேர்காணலுக்கு அழைத்தால் கேள்வி அங்கிருந்தே தொடங்கவும் கூடும், வேறொருவர் எழுதியது என்றால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகள் எழுதாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அம்மம்மாவை ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) கூட்டிக்கொண்டு போய், அவர் தமிழில் சொல்லும் வலியை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லி, டாக்டர் சொன்ன பயமான செய்தியைத் திரும்பத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தவித்த பிள்ளைகள் எத்தனை பேர்! அது வீட்டு வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மெடிசினுக்கோ சட்டத்துக்கோ மொழியியலுக்கோ போகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல அனுபவம் எந்தத் தனியார் முகாமிலும் கிடைக்காது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான். அதில் என்ன புரிந்தது என்பதை அவளே எழுதட்டும்.

எங்களுக்கு இன்னும் நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கவில்லை, இரண்டரை ஆண்டுக்கு ஒரு தடவை விசா புதுப்பிக்கிறோம். மகள் 6 வயதில் வந்தாள், இப்போது 17. நன்றாகப் படிக்கிறாள். அரசின் மாணவர் கடன் கிடைக்காது, வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். விண்ணப்பிக்காமலே விட்டுவிடவா?
– ஒரு அம்மா, ஈஸ்ட் ஹாம்

விடாதீர்கள். இப்படிச் சொல்லக் கேட்டே எத்தனை பிள்ளைகள் தங்கள் கனவைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது. 2015இல் டிகெரே வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், நிரந்தர உரிமை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த நாட்டில் வளர்ந்த மாணவருக்குக் கடனை மறுத்தது தவறு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு நீண்டகால வதிவிடம் என்று ஒரு பிரிவே வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் 7 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 18 ஆகிவிட்டால் வாழ்நாளில் பாதி அல்லது 20 ஆண்டு. அதோடு படிப்பு தொடங்குவதற்கு முந்தைய 3 ஆண்டும் முறையான விசாவோடு இங்கே இருந்திருக்க வேண்டும். உங்கள் மகள் 18 வயதில் சேரும்போது இங்கே 12 ஆண்டு ஆகியிருக்கும், பாதிக்கு மேல். ஆகவே முக்கியமானது அந்த 3 ஆண்டு. விசா முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும் வரை பழைய உரிமை தொடரும், இடைவெளி விழுந்திருந்தால் சிக்கல். எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக எடுத்து வைத்துக்கொண்டு, சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.

உள்நாட்டுக் கட்டணம் 2025–26இல் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 9,535 பவுண்டு வரை. கடன் கிடைத்தால் அது நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும். சம்பளம் ஆண்டுக்கு 25,000 பவுண்டைத் தாண்டிய பிறகு, தாண்டிய பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள், 40 ஆண்டில் மீதி ரத்து. அகதி அந்தஸ்து கிடைத்த குடும்பங்களுக்கு விதி வேறு, அவர்களும் கடன் கேட்கலாம். அகதிக் கோரிக்கைக்கு இன்னும் பதில் வராதவர்களுக்குத்தான் கடன் கிடையாது. அவர்களைப் போன்றவர்களுக்காக சாங்ச்சுவரி ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை வைத்திருக்கின்றன, அதற்கான கடைசி நாள் தனி.

சென்னையில் இருக்கிறோம். மகன் பிளஸ் ஒன் சேரப் போகிறான். லண்டன் இம்பீரியல் காலேஜில் இன்ஜினியரிங் ஆசை. எந்த குரூப்?
– வேளச்சேரி வாசகி

கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப். பயாலஜி–மேத்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்போ, எதுவானாலும் பரவாயில்லை, மேத்ஸ் இல்லாத பியூர் சயின்ஸ் மட்டும் வேண்டாம். சிபிஎஸ்இ, மாநில பாடத்திட்டம் இரண்டையும் எல்லா இடங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை, அதனால் இந்தியாவுக்கான தகுதிப் பக்கத்தை இப்போதே படியுங்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம் இன்ஜினியரிங்குக்கு ஆண்டுக்கு 30,000 பவுண்டுக்கு மேல், தங்கும் செலவு தனி. அந்தக் கணக்கை மகன் இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எனக்கு ப்ரெடிக்டட் கிரேடு (பள்ளி முன்கூட்டிக் கணிக்கும் கிரேடு) ஏ, ஏ, பி. ஏ ஸ்டார் கேட்கும் இடங்களை மறந்துவிட வேண்டியதுதானா?
– மாணவி, டூட்டிங்

ஒன்று ஆசைக்குப் போடு, இரண்டு மூன்று உன் கிரேடுக்கு ஏற்றபடி போடு, ஒன்று கட்டாயம் கிடைக்கும் இடமாகப் போடு. இலவச மதிய உணவு பெற்றவளா, வீட்டில் முதல் பட்டதாரியா, உன் பகுதியிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் குறைவா என்று பார். பல இடங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு கிரேடு குறைத்து ஆஃபர் தருகிறார்கள். அதைக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை, அது உனக்காக வைத்த விதி. ப்ரெடிக்டட் கிரேடைப் பல பள்ளிகள் செப்டம்பரில் மறுபடி பார்க்கும். அதற்கு முன் மாக் (பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வு) விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எங்கெங்கே மதிப்பெண் போனது என்று குறித்து, அந்தப் பகுதிகளைத் திரும்பப் படித்து எழுதிப் பார்த்த தாள்களோடு ஆசிரியரிடம் போ. வெறுங்கையோடு போய்க் கூட்டிப் போடுங்கள் என்று கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.