எல்லாவற்றையும் தலைமுழுகிவிடலாமா?

கேள்வி: பேக்எண்ட் டெவலப்பராக, அதாவது திரைக்குப் பின்னால் ஓடும் மென்பொருளை எழுதுபவராக இருக்கிறேன். பகலெல்லாம் ஸ்லாக்கில் அலுவலகச் செய்திகள், மாதத்தில் ஒரு வாரம் ஆன்-கால் (கோளாறு என்றால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் முறை), இரவில் நான் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிக்கு (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) வரும் இஷ்யூக்கள், அதாவது புகார்களும் கேள்விகளும். நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளம் உட்பட எல்லாக் கணக்கையும் அழித்துவிட்டுக் கொஞ்ச நாள் காணாமல் போகலாமா?

பதில்: போகலாம். காணாமல் போகத் தோன்றுவதில் எந்தத் தப்பும் இல்லை. கணக்கை அழிப்பதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். கிட்ஹப் கணக்கை நீக்கினால் உங்கள் பெயரில் உள்ள ரெப்போக்களும் (நிரல் கிடங்குகள்) சேர்ந்தே போய்விடும்; அங்கிருந்து நிரலை நேரடியாக எடுப்பவர்கள் தங்கள் மென்பொருளை உருவாக்கும் பில்டுகள் உடையும். 2016-ல் லெஃப்ட்-பேட் என்ற வெறும் 11 வரித் தொகுப்பு என்பிஎம் என்ற நிரல் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டபோது எத்தனையோ புராஜெக்டுகள் ஸ்தம்பித்தன. அப்படி ஏதாவது நடந்தால், நீங்கள் தேடிப்போன நிம்மதியே கெட்டுவிடும்.

உங்களுக்கு இருப்பது பர்ன்அவுட்டாக இருக்கலாம். அதை உலக சுகாதார நிறுவனம் நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் அந்த நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 சொல்கிறது. தெம்பு வற்றிப்போவது, வேலையின் மீது வெறுப்பும் விலகலும் வருவது, செய்வது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். பயனர் ஒருவர் மரியாதையாகக் கேட்ட சந்தேகம்கூட உங்களைக் குற்றம் சாட்டுவது போலத் தெரிகிறதா? அது இரண்டாவது அடையாளம். உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

காரணம் வேலையில் இருப்பதால், போனை அணைப்பது மட்டும் போதாது. போன் அலமாரியில் கிடக்கும், மனசு மட்டும் ‘அந்த டெப்ளாய் (புதிய பதிப்பை வெளியிட்டது) என்ன ஆச்சோ’ என்று ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வு பற்றி ஆராயும் உளவியலாளர்கள், வேலையிலிருந்து மனதளவில் விடுபடுவதைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். பொறுப்பு உங்கள் தலையில் இருக்கும்வரை அது நடக்காது. அதனால் முதலில் பொறுப்பை இறக்கி வைக்க வேண்டும், அப்புறம்தான் லாக்அவுட்.

ஆன்-காலில் ஆரம்பியுங்கள். 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு அதிகபட்சம் இரண்டு கோளாறுச் சம்பவங்கள் என்பது சேவைகள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கூகுளின் எஸ்ஆர்ஈ குழுக்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஒரு சம்பவத்தின் காரணத்தைத் தேடி, சரிசெய்து, போஸ்ட்மார்ட்டம் (என்ன நடந்தது என்ற அறிக்கை) எழுதி முடிக்கச் சராசரியாக 6 மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கடைசி ஆன்-கால் வாரத்தின் அலர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். இரவில் எழுப்பியவற்றில் எவை காலைவரை காத்திருக்கக் கூடியவை என்று குறித்து மேலாளரிடம் கொடுங்கள். ‘எனக்கு முடியவில்லை’ என்பதைவிட அந்தப் பட்டியலுக்குச் சீக்கிரம் பதில் கிடைக்கும்.

லைப்ரரிதான் சிக்கலானது. யார் கேட்டாலும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம் என்று களைப்பில் தோன்றும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் விஷயத்தில் நடந்தது அதுதான். மனநலப் பிரச்சினையால் அதிகம் செய்ய முடியவில்லை என்று அதைப் பராமரித்தவர் 2022-ல் வெளிப்படையாகவே எழுதினார். ஆனாலும் நெருக்கடி கொடுத்தார்கள். உதவ வந்த இன்னொருவர் மெல்ல மெல்லப் பொறுப்பைப் பெற்றார். 2024-ல் அவர் பெயரில் வெளியான பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. முதலில் பராமரித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகமே பயன்படுத்திய ஒன்றை ஒரே ஆள் தனியாகச் சுமந்தார்.

ஆகவே, வேலையைப் பார்த்து நம்பக்கூடியவர் இருந்தால் மட்டும் ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அதாவது படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். நிரல் அப்படியே இருக்கும், யாரும் ஃபோர்க் செய்துகொள்ளலாம் (தனிப் பிரதி எடுத்துத் தொடரலாம்), ஆனால் புதிய இஷ்யூவோ மாற்றமோ சேர்க்க முடியாது. மனம் மாறினால் திரும்பத் திறந்துகொள்ளலாம். அதற்குமுன் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் வரியாக ‘இந்த லைப்ரரி இப்போது பராமரிப்பில் இல்லை, தேவைப்படுவோர் ஃபோர்க் செய்துகொள்ளலாம்’ என்று எழுதினால் போதும். மன்னிப்பும் விளக்கமும் வேண்டாம். இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு நீங்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

அன்றாட வேலைக்கு ஒன்று: முடிக்கும் நேரத்தில், நாளை எழுதவேண்டிய பகுதிக்கு ஃபெயில் ஆகும் ஒரு டெஸ்ட்டை (நிரலைச் சரிபார்க்கும் சிறு நிரல்) எழுதிவிட்டு மூடுங்கள். முடியாத வேலைக்கு அடுத்த அடி என்ன என்று தெளிவாகிவிட்டாலே அதைப் பற்றிய நச்சரிப்பு பெரும்பாலும் அடங்கும்.

இதெல்லாம் வேலை சம்பந்தப்பட்ட களைப்புக்கு. விடுப்பிலும் எதிலுமே மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.