இரண்டு பீரோ பழைய காகிதம்: தலைப்புவாரியாகப் பிரிக்கலாமா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் கேட்கிறார்: "பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது இரண்டு பீரோ நிறையக் காகிதம் எங்களிடம் வந்துவிட்டது. முதல்வர் அலுவலகக் கோப்புகள், ஆசிரியர் சங்கத் தீர்மானப் புத்தகம், விடுதிப் பேரேடு எல்லாம் கலந்து கிடக்கின்றன. தேர்வு, விளையாட்டு, கட்டடம் என்று பிரித்துப் புது ஃபைலில் போடலாமா?"

வேண்டாம் ஐயா, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

எந்த அலுவலகம் எழுதி வைத்ததோ, அதன் பெயரிலேயே காகிதம் இருக்கட்டும். ஆவணக் காப்பகங்களின் அடிப்படை விதி இது. 1841இல் பிரான்சில் சுற்றறிக்கையாகவே போட்டார்கள். மெஸ் கட்டணம் ஏறிய வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வரின் குறிப்புக் கோப்பு ஒரு காரணம் சொல்லும். விடுதிப் பேரேட்டில் அரிசி மூட்டைக் கணக்கு வேறு கதை சொல்லும். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இன்னொன்று பேசியிருப்பார்கள். மூன்றையும் 'விடுதி' என்று ஒரே ஃபைலில் தைத்துவிட்டால், எதை யார் சொன்னது என்று பத்து வருஷம் கழித்து உங்களுக்கே பிடிபடாது.

ஆகவே மூன்று குவியல் போதும். உள்ளே ந.க. எண் (அலுவலகம் கோப்புக்குப் போடும் எண்) வரிசை இருந்தால் கலைக்காதீர்கள். அரசு அலுவலக வழக்கப்படி கட்டின் மேல் 'நி.மு.' என்றிருந்தால் அது நிரந்தரமாக வைக்க வேண்டியது. 'ப.மு.' என்றால் பத்தாண்டில் கழித்துவிடலாம் என்று அப்போதே குறித்தது. அப்படிக் குறித்தும் தப்பி வந்த கட்டுகளை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். எனக்குச் சுவையான செய்திகள் பெரும்பாலும் அவற்றில்தான் கிடைத்திருக்கின்றன.

கல்லூரி இணைப்புக் கடிதங்கள் 1982 வாக்கில் திடீரென்று நின்றுபோனது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியவர்கள், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே எழுத ஆரம்பித்திருப்பார்கள். அடுத்த கட்டைத் தேடுங்கள்.

அப்புறம் ஈரம். 2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு, ஓர் அலுவலகத்தில் நனைந்த பதிவேடுகளை நானே மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் தாளெல்லாம் அப்பளமாகச் சுருண்டிருந்தது, மை வெளுத்திருந்தது. நிழலில் விரித்து மின்விசிறி போட்டிருக்க வேண்டும், அதுவும் இரண்டு நாளைக்குள், தாண்டினால் பூஞ்சை. உங்கள் பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் எடுத்துவிட்டு வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள்: இவை யாருடையவை? அலுவலகக் கோப்பு கல்லூரியின் சொத்து. உங்களிடம் இருப்பதைப் பட்டியலிட்டு முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஆசிரியர் சங்கப் புத்தகத்துக்கு அந்தச் சங்கத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். மதிப்பெண் பதிவேடு ஏதாவது அகப்பட்டால் அதைத் தனியே பூட்டி வையுங்கள். பழைய மாணவர் என்று யார் வந்து கேட்டாலும் செல்போனில் படம் எடுக்க விடாதீர்கள்.