ஃபில்டர் கேள்வி-பதில்: முதலில் லெவலைக் குறையுங்கள்

தனித்தனி மாட்யூல்களை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசரில், ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டர் பற்றிய பக்கம் இது. இம்முறை வந்த கடிதங்களில் பாதி, ‘எதை வாங்கலாம்?’ என்ற ஒரே கேள்விதான். அவற்றுக்கெல்லாம் சேர்த்து நடுவில் ஒரு பதில் இருக்கிறது.

ரெசொனன்ஸைக் கூட்டினால் அடிநாதம் காணாமல் போகிறது. மாட்யூல் பழுதா?

பழுதில்லை. ஏணிப் படிபோல் அடுக்கிய சுற்றால் ஆன ஏணி ஃபில்டரின் பிறவிக் குணம் அது. ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண் கட்-ஆஃப்; அதை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் காட்டுவது ரெசொனன்ஸ். வெளியீட்டில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்புவதுதான் அங்கே ரெசொனன்ஸ். கட்-ஆஃபுக்குக் கீழே உள்ள ஒலியை அது கழித்துவிடும். ஒலியைப் பிறப்பிக்கும் அதே ஆஸிலேட்டரின் சைன் அலையை ஃபில்டருக்குள் விடாமல் நேராக மிக்ஸருக்குக் கொண்டுபோய்க் கலந்துகொள்ளுங்கள்.

உள்ளே எதையும் செருகாமலே ஃபில்டர் விசிலடிக்கிறதே?

ரெசொனன்ஸ் உச்சத்தில் நிற்கிறது. இனாமாக ஒரு சைன் ஆஸிலேட்டர் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்டேவுக்கு 1 வோல்ட் உள்ளீடு (1 வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும்) இருந்தால் மெட்டே வாசிக்கலாம். ஆனால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கட்-ஆஃப் 3,000 ஹெர்ட்ஸைத் தொடும்போது காது என்ன பாடுபடும் என்று முன்பே எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

12 டெசிபலா, 24 டெசிபலா?

ஒவ்வொரு ஆக்டேவுக்கும் ஃபில்டர் எவ்வளவு வெட்டுகிறது என்ற அளவு இது. கட்-ஆஃபுக்கு ஒரு ஆக்டேவ் மேலே உள்ள ஒலியை 12 ஏறக்குறைய நாலில் ஒன்றாக்கும். 24 பதினாறில் ஒன்றாக்கும். தந்தி மீட்டியது போன்ற ஒலிக்கு 12, கனத்த பேஸுக்கு 24 என்று தொடங்குங்கள்.

என் ஃபில்டரில் சத்தமே வரவில்லை. ஏன்?

எந்த ஃபில்டர், எதைச் செருகினீர்கள், கட்-ஆஃப் எங்கே நிற்கிறது? ஒன்றுமே எழுதாமல் என்னை ஜோசியம் பார்க்கச் சொல்கிறீர்கள். கட்-ஆஃபை வலக்கோடி வரை திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

‘வெதுவெதுப்பான’ ஒலிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம்? என்னிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. (இதே கேள்வியைக் கேட்ட மற்றவர்களுக்கும்)

மூன்று இருக்கும்போது நான்காவது எதற்கு? ஃபில்டர்களுக்குள் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ராபர்ட் மூக் 1969-இல் காப்புரிமை பெற்ற ஏணி ஃபில்டர் டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1978-இல் வந்த கோர்க் எம்எஸ்-20 சிந்தசைசர் ஃபில்டரின் அலறல் அதன் திருப்புச் சுற்றில் டயோடுகள் அலையை நறுக்குவதால் வருவது. வாஸ்ப் சிந்தசைசரின் ஃபில்டர் டிஜிட்டல் வேலைக்குப் பிறந்த சிப்பை அனலாக் வேலைக்கு இழுத்துவந்ததால்தான் அத்தனை முரடாக ஒலிக்கிறது. வேறுபாடு உண்டு. ஆனால் அதைக் கேட்கும் முன்பே நீங்கள் அழித்துவிடுகிறீர்கள்.

ஒரு நண்பருக்கு ஒரே ஏணி ஃபில்டரை மூன்று விதமாக வாசித்துக் காட்டினேன். மாற்றியது ஒன்றே ஒன்று: ஃபில்டருக்கு முன்னால் இருந்த மிக்ஸரின் குமிழ். குமிழைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி நிலையில் ரெசொனன்ஸ் கண்ணாடிபோல் தெளிவாக மேலெழுந்தது. பன்னிரண்டில் ரெசொனன்ஸும் அலையும் கலந்து உருண்டன. நான்கு மணிக்குப் போனதும் ரெசொனன்ஸ் அமுங்கி, அலையின் முனை மழுங்கி, நீங்கள் தேடும் அந்த வெதுவெதுப்பு வந்துவிட்டது. நண்பர் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் பெயர்களைச் சொன்னார்.

மாடுலர் ஆஸிலேட்டர் சுமார் 10 வோல்ட் வீச்சில் கத்துகிறது. அதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, ‘எல்லா ஃபில்டரும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? முதலில் லெவலைக் குறையுங்கள். பிறகு கட்-ஆஃபை மின்னழுத்தத்தால் நகர்த்தும் சிவி உள்ளீட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். காதுக்கு எட்டாத வேகத்தில் மெல்ல அசையும் ஆஸிலேட்டரான எல்எஃப்ஓ மட்டும்தானே? அங்கே இரண்டாவது ஆஸிலேட்டரின் சைன் அலையைச் செருகி, அதன் அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைச் சுழியத்திலிருந்து மயிரிழை மயிரிழையாகத் திறங்கள். முதலில் சிறு நடுக்கம், பிறகு உறுமல், இன்னும் போனால் உலோகத்தைச் சுரண்டும் ஓசை. பாதிக்கு மேல் திறந்தால் வெறும் இரைச்சல். ஒரு மாதம் இதைச் செய்துவிட்டும் நான்காவது ஃபில்டர் வேண்டும் என்றால் எழுதுங்கள், பெயர் சொல்கிறேன்.

ஆஸிலேட்டர் இல்லாமல் தாள ஒலி எடுக்க முடியுமா?

முடியும். ரெசொனன்ஸை விசிலடிக்கும் எல்லைக்குச் சற்று முன்பாக நிறுத்தி, உள்ளீட்டில் ஒரு குட்டி ட்ரிகரால் (கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் மின்துடிப்பு) தட்டுங்கள். ஃபில்டர் அதிர்ந்து அடங்கும். 60 ஹெர்ட்ஸில் பேஸ் டிரம், 300 பக்கம் பாங்கோ. தட்டிய கையோடு கட்-ஆஃபைச் சிவியால் மெல்ல ஏற்றினால், கயிற்றை அழுத்திய உடுக்கைபோல் சுருதி மேலே போகும். இதற்கும் ஹெட்போன் வேண்டாம்.

எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை ஃபில்டருக்குள் விடலாமா?

அருமையான கேள்வி. அதன் வெளியீடு 1 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இருக்கும்; ப்ரீ-ஆம்ப் மாட்யூலால் ஐந்து பத்து மடங்கு ஏற்றுங்கள். ஃபில்டரை, கட்-ஆஃபைச் சுற்றியுள்ள ஒலியை மட்டும் விடும் பேண்ட்-பாஸில் வைத்து, ரெசொனன்ஸைக் கூட்டி, கட்-ஆஃபை ஆமை வேகத்தில் நகர்த்துங்கள். தம்புராவுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்றரைக் கட்டை ஸட்ஜம் ஏறக்குறைய 140 ஹெர்ட்ஸ் என்றால், அதன் ஐந்தாம் மடங்கான 700 பக்கம் அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கும். கையால் விரைந்து திருப்பினால் மோர்சிங். அதில் வாய் செய்வதும் இதே வேலைதான்.

மரத்தில் தட்டியதுபோல் ஒலி வேண்டும்.

வேக்ட்ரோல் (ஒரு எல்இடியும் ஒளியுணர் மின்தடையும் சேர்ந்த உறுப்பு) உள்ள லோ-பாஸ் கேட்; ஒலியின் கூர்மையையும் அளவையும் சேர்த்தே குறைக்கும் மாட்யூல். புக்லா சிந்தசைசர்களின் வழி வந்தது. எல்இடி அணைந்த பிறகும் எதிரே இருக்கும் ஒளியுணர் மின்தடை பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். அதனால் ஒலியின் கூர்மை முதலில் மங்கி, பிறகு ஓசை அடங்குகிறது.

மாட்யூலுக்கு மின்சாரம் தரும் ரிப்பன் கேபிளை மாற்றிச் செருகிவிட்டேன், புகை வந்தது. இனி வேலை செய்யுமா?

புகை வந்த மாட்யூலை ராக்கில் திரும்பப் பொருத்தாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன்.