சாக்ஸ் நோட்ஸ் எங்கே போச்சு?

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சர்ச் பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் (சாக்ஸ்) வாசிக்கிறேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஜாஸ் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு சோலோக்களை (தனி வாசிப்புகளை) நோட்டேஷனாக எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். இரண்டு வருஷமாக அதைப் பார்த்துத்தான் பழகினேன். போன மாதத்திலிருந்து அந்தத் தளம் திறக்கவில்லை. பாதிதான் பிரிண்ட் எடுத்திருக்கிறேன். மீதி கிடைக்குமா?
(பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: தம்பி, முதலில் அந்தப் பிரிண்ட்டின் அடியோரத்தைப் பாருங்கள். வலைப்பக்கத்தை அப்படியே பிரிண்ட் கொடுத்திருந்தால், தளத்தின் முகவரி எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் விழுந்திருக்கும். இல்லையென்றால் போனில் குரோம் ஹிஸ்டரியைத் தேடுங்கள். அது சுமார் 90 நாள்தான் தங்கும், ஆகவே இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

முகவரி கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க அமைப்பு 1996 முதல் வலைப்பக்கங்களுக்கு நகல் எடுத்து வைக்கிறது. அவர்களுடைய வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்த முகவரியைப் போட்டால் காலண்டர் வரும். வட்டமிட்ட தேதியைத் தொடுங்கள். ஒரு தேதியில் திறக்காத கோப்பு இன்னொரு தேதியில் திறக்கலாம், சளைக்காமல் தட்டிப் பாருங்கள். எல்லாமே கிடைக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

ஏன் மூடினார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இந்த மாதிரித் தளம் பெரும்பாலும் ஒரே ஆளின் உழைப்பு, ஒரே ஆளின் பாக்கெட். வருஷாவருஷம் கட்டணம் கட்டாவிட்டால் கதவு சாத்திவிடும். இன்னொரு பக்கம் காப்புரிமை. கிதார் நோட்ஸை ரசிகர்களே எழுதிச் சேர்த்த ஓல்கா என்ற பழைய தளம், இசைப் பதிப்பாளர்கள் அனுப்பிய கடிதத்தால் 2006-இல் மூடப்பட்டது. ஐஎம்எஸ்எல்பி என்ற பெரிய நோட்டேஷன் நூலகமும் 2007 அக்டோபரில் இப்படித்தான் மூடியது. அது மறு வருஷமே திறந்துவிட்டது, ஓல்கா திறக்கவில்லை.

நகல் எடுத்து வைக்காத விஷயத்தில் நான் பிறரைக் குறை சொல்லத் தகுதியில்லாதவன். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டு சாக்ஸ் பிடித்தவன் நான். 200 பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து அஞ்சு அஞ்சு கோடு இழுத்து நானே எழுதிய நோட்ஸ் ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. கூட வாசித்தவர் ஒருவர், பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு வேண்டும், ரெண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனார். அந்தக் கல்யாணப் பிள்ளையின் பிள்ளையே இப்போது காலேஜ் போகிறானாம். நோட்டு வரவில்லை. ஜெராக்ஸ் எடுத்து வைக்காதது என் புத்தி. நீங்கள் கையிலுள்ள பாதியை இன்றைக்கே போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஜெர்மனியில் வைமார் இசைப் பல்கலைக்கழகத்தார் 456 ஜாஸ் சோலோக்களை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். நம்ம ஆல்ட்டோ மன்னன் சார்லி பார்க்கரும் அதில் உண்டு. எங்கே எடுத்தாலும் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: கன்செர்ட் கீயில், அதாவது பியானோவின் சுருதிக்கு, எழுதியிருந்தால் ஆல்ட்டோவுக்கு மாற்றித்தான் வாசிக்க வேண்டும். பியானோக்காரரின் எஃப் நமக்கு டி. இது தெரியாமல் கீபோர்டுக்காரரோடு ஒரு ஞாயிறு முழுக்க நான் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம், ஒன்றையாவது நீங்களே எழுதிப் பாருங்கள். பார்க்கர் 1945-இல் பதிவு செய்த ‘நவ்ஸ் த டைம்’ நல்ல ஆரம்பம். எஃப் கீயில் ஒரு ப்ளூஸ் பாட்டு, பன்னிரண்டு பார் (நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்)தான் திரும்பத் திரும்ப வரும். யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி மாறாது. நாலு பார் கேளுங்கள், நிறுத்துங்கள், வாயால் பாடுங்கள், பிறகு சாக்ஸில் தேடுங்கள், கடைசியாகத்தான் பேப்பர். எனக்கு முதல் நாலு பாருக்கே ஒரு சாயங்காலம் ஆனது. வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கம் போனால் 2பி பென்சிலும் நல்ல ரப்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். பேனா வேண்டவே வேண்டாம்.